உணவு மாறும்போது நாய்க்கு வயிறு கெடுவது ஏன்?

மாட்டுக்குத் தீவனம் மாற்றும்போது பக்குவம் பார்க்கும் விவசாயிகள், நாய்க்குச் சோறு மாற்றும்போது அந்தப் பக்குவத்தைப் பார்ப்பதில்லை. வைக்கோல் தின்று பழகிய மாட்டைத் திடீரென்று இளம்பச்சையில் விட்டால் வயிறு உப்பும் என்பது எல்லோருக்கும் தெரியும். களத்தில் குவித்த நெல்லை வயிறு முட்டத் தின்றுவிட்டு மறுநாள் எழுந்திருக்க முடியாமல் கிடக்கும் மாட்டைத் தாமிரபரணிப் பாசனப் பகுதியில் பார்க்காதவர்கள் குறைவு. ஆகவே பசுந்தீவனத்தை வைக்கோலோடு கலந்து, நாளுக்கு நாள் கூட்டிக் கொடுக்கிறார்கள். நாய் விஷயத்தில் மட்டும், "நாய்தானே, எதைப் போட்டாலும் தின்னும்" என்று விட்டுவிடுகிறார்கள். தின்னும் என்பது உண்மை. தின்றது செரிக்குமா என்பது வேறு விஷயம்.

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் நாய் என்பது வீட்டு வாசலில் படுத்திருக்கும் பிராணி மட்டுமல்ல. பாபநாசம், கடையம், களக்காடு போன்ற மலையடிவாரப் பகுதிகளில் காட்டுப்பன்றி வருவதைக் குரைத்துச் சொல்வது நாய்தான். கரிசல் காட்டில் ஆட்டுக்கிடைக்குக் காவலும் நாய்தான். கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம் இன நாய்களை வளர்ப்பவர்களுக்குக் குட்டி விற்பனை ஒரு சிறு வருமானமும் ஆகும். இந்த நாய்களுக்கு வரும் வயிற்றுக் கோளாறுகளில் ஒரு பகுதி, உணவைச் சட்டென்று மாற்றுவதால் வருவது. செலவில்லாமல் தவிர்க்கக் கூடியது.

கரிசலிலிருந்து ஆற்றங்கரைக்கு

கோவில்பட்டி, கயத்தாறு, சங்கரன்கோவில் பக்கத்து ஆட்டுக்கிடைகள், பிசான அறுவடை முடிந்த பிறகு ஆற்றுப்பாசன வயல்களுக்கு வந்து தங்குவது நெடுங்கால வழக்கம். கார் சாகுபடிக்கு உழவு தொடங்கும் வரை வயலுக்கு எருவும், ஆட்டுக்கு மேய்ச்சலும், கிடைக்காரருக்குக் கூலியும் கிடைக்கும். ஆடுகளோடு நாய்களும் வருகின்றன. ஊரில் இருந்தவரை அந்த நாய் தின்றது கம்பங்கூழ் அல்லது சோளக்கூழ், கொஞ்சம் மோர், எப்போதாவது ஒரு துண்டு கருவாடு. அதே உணவு மாதக்கணக்கில் மாறாமல் கிடைத்திருக்கும்.

வயலுக்கு வந்ததும் நிலைமை வேறு. நிலத்துக்காரர் வீட்டிலிருந்து சோறும் குழம்பும் வருகிறது. பரோட்டாக் கடையில் மிஞ்சிய சால்னா வருகிறது. கிடையில் ஒரு குட்டி செத்துப்போனால் அதன் குடல் பச்சையாகவே நாய்க்குப் போகிறது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ நாய்க்குக் கழிச்சல் பிடிக்கிறது. பகல் முழுவதும் வரப்பு நிழலில் சுருண்டு படுத்துக்கொள்கிறது. இரவில் ஊர்நாய்க் கூட்டம் கிடையைச் சுற்றினால் எழுந்து குரைக்க அதற்குத் தெம்பு இல்லை. நான்கைந்து ஆட்டுக்குட்டிகள் கடிபட்டால் அந்த மாதக் கூலி போய்விடும்.

இதற்குப் பரிகாரம் எளிது. கிடை கிளம்பும்போது, நாய்க்கென்று பத்து நாளைக்குக் காணும் கம்பு மாவை ஒரு சாக்கில் கட்டி எடுத்து வர வேண்டும். வந்த இடத்துச் சோற்றை அந்தக் கூழோடு கலந்து, படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போனால் போதும். ஆள்களுக்கு வேண்டிய உப்பு, புளி, மிளகாய் வரை கணக்காகக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் நாயின் சாக்கை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

வயிற்றுக்குள் நடப்பது

நாயின் எச்சிலில் மாவுப்பொருளைச் செரிக்கும் சக்தி அநேகமாக இல்லை. அந்த வேலையைக் கணையத்தில் சுரக்கும் நீர் செய்கிறது. மனிதனோடு சேர்ந்து பல ஆயிரம் ஆண்டுகள் வாழ்ந்ததில், சோற்றையும் கூழையும் செரிக்க நாய் பழகிக்கொண்டது. மாவுப்பொருளைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு அதிகமாக இருப்பதை 2013-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். எனவே நாய்க்கு இறைச்சி மட்டுமே ஆகும், தானியம் ஆகாது என்று சொல்வது சரியல்ல. ஆனால் தானியம் நன்றாக வெந்திருக்க வேண்டும். அரைவேக்காட்டுக் கம்பும், வேகாத சோளக் குருணையும் செரிக்காமல் அப்படியே வெளியே வந்துவிடும்.

கணைய நீரின் அளவும் தன்மையும் அன்றாடம் வரும் உணவை ஒட்டி அமைகின்றன. கொழுப்பே பார்க்காத நாய்க்கு ஒரே நாளில் ஆட்டுக் கொழுப்பைப் போட்டால், அதைச் செரிக்கும் அளவுக்கு அங்கே ஆயத்தம் இருக்காது. செரிக்காமல் மிஞ்சியது பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. மாட்டின் அசையறையில் இருப்பதைப் போல நாயின் பெருங்குடலிலும் வழக்கமான உணவுக்கு ஏற்றபடி இவை ஒரு கணக்கில் வாழ்கின்றன. புதிதாக வந்த உணவு அங்கே புளித்து, காற்று உண்டாகி, உடம்பிலுள்ள தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கிறது. அதுவே கழிச்சல். நுண்ணுயிர்கள் புதிய உணவுக்கு ஏற்ப மாறி அமையச் சில நாட்கள் ஆகும். அந்த அவகாசத்தைக் கொடுப்பதுதான் உணவு மாற்றத்தின் முழு இரகசியமும்.

எல்லா நாய்க்கும் ஒரே மாதிரி வயிறு கெடுவதில்லை. ஊரைச் சுற்றிக் கண்டதையும் தின்று பழகிய நாட்டு நாய் எளிதில் தாங்கிக்கொள்ளும். கட்டிப்போட்டு, ஒரே உணவை நீண்ட காலம் தின்று வளர்ந்த நாய்க்கும், குட்டிகளுக்கும், வயதான நாய்களுக்கும்தான் சிறு மாற்றமும் வயிற்றைப் புரட்டும்.

பத்து நாள் கணக்கு

ஒரு வேளை உணவை நான்கு பங்காக வைத்துக்கொள்ள வேண்டும். முதல் மூன்று நாட்கள் மூன்று பங்கு பழைய உணவு, ஒரு பங்கு புதிய உணவு. அடுத்த மூன்று நாட்கள் பாதிக்குப் பாதி. அதற்கடுத்த மூன்று நாட்கள் ஒரு பங்கு பழையது, மூன்று பங்கு புதியது. பத்தாம் நாள் முழுவதும் புதிய உணவு. நல்ல வயிறு உள்ள நாய்க்கு இது போதும்.

வயிறு மென்மையான நாய்க்கு இந்த வேகம் ஆகாது. அதற்கு முதலில் பத்தில் ஒரு பங்கு புதிய உணவைச் சேர்த்து, மூன்று நாட்கள் மலத்தைக் கவனித்து, கெட்டியாக இருந்தால் மட்டும் அடுத்த பங்கைக் கூட்ட வேண்டும். மூன்று வாரமோ ஒரு மாதமோ ஆனாலும் நஷ்டமில்லை. நடுவில் மலம் இளகினால் பதற்றப்பட்டுப் புதிய உணவை முழுவதும் நிறுத்தவோ, வேறொரு மூன்றாவது உணவுக்குத் தாவவோ கூடாது. முந்தைய பங்குக்குத் திரும்பி, அங்கேயே நான்கைந்து நாட்கள் நிற்க வேண்டும். வாரம் ஒரு உணவாக மாற்றிக்கொண்டே போவதுதான் இத்தகைய நாய்களுக்கு நேரும் பெரிய தொல்லை.

இன்னொரு விஷயம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். உணவையும் மாற்றி, அதே வாரத்தில் குடற்புழு மருந்தும் கொடுத்து, இடத்தையும் மாற்றினால், கழிச்சல் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கூழிலிருந்து பாக்கெட் தீவனத்துக்கு

இப்போது சிறு ஊர்களிலும் நாய்த் தீவனம் பையில் அடைத்து விற்கப்படுகிறது. மகன் வெளியூரிலிருந்து வாங்கி வருவதும் உண்டு. இதற்கு மாறும்போது பங்குக் கணக்கில் ஒரு பெரிய தவறு நடக்கிறது. கூழ் ஊற்றிய அதே ஏனத்தில், அதே அளவுக்குத் தீவனத்தைக் கொட்டிவிடுகிறார்கள். கூழில் பெரும்பகுதி தண்ணீர். உலர் தீவனத்தில் ஈரம் நூற்றுக்குப் பத்துதான். 20 கிலோ எடையுள்ள, வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,000 கலோரி வேண்டும். 100 கிராம் உலர் தீவனம் சுமார் 350 கலோரி தரும். ஆகவே நாள் முழுமைக்கும் சுமார் 300 கிராம் போதும். ஒரு லிட்டர் பிடிக்கும் ஏனத்தில் இந்தத் தீவனம் 400 கிராம் கொள்ளும். இரண்டு வேளையும் நிரப்பினால் 800 கிராம் ஆகிறது. தீவனம் ஒத்துக்கொள்ளவில்லை என்று பழி சொல்லப்படும் பல நேரங்களில், நடந்தது இந்த அளவு மீறல்தான். ஆகவே கலக்கும்போது ஏனத்தின் அளவைப் பார்க்காமல், தீவனத்தை எடை போட்டுக் கணக்கிட வேண்டும். முதல் மூன்று நாட்களுக்கு 75 கிராம் தீவனம், மீதிக்குப் பழைய கூழில் முக்கால் பங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீரும் கவனிக்கப்பட வேண்டியது. கூழ் குடித்த நாய்க்குத் தண்ணீர் கூழிலேயே கிடைத்துவிட்டது. உலர் தீவனத்துக்கு மாறிய நாய் தனியாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். அந்தப் பழக்கம் அதற்கு இராது. மலம் இறுகிப்போகும். முதல் இரண்டு வாரங்கள் தீவனத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கொடுப்பதும், நிழலில் எப்போதும் சுத்தமான தண்ணீர் வைப்பதும் அவசியம். ஊறவைத்ததை ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. நெல்லை வெயிலில் அது சீக்கிரம் புளித்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பிரித்த பையைத் திண்ணையில் வைத்தால் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்த தீவனமும், பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கும் நாயின் ஈரலைக் கெடுத்து உயிருக்கே ஆபத்தை உண்டாக்கும். வீணாகிறதே என்று மாட்டுக்குக் கழித்த பிண்ணாக்கை நாய்க்கு வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மூடி இறுகும் டப்பாவில், ஈரம் படாத இடத்தில் தீவனத்தை வைக்க வேண்டும்.

பாக்கெட் தீவனம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. 20 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 200 கிராம் அரிசி அல்லது கம்பை நன்றாகக் குழைய வேகவைத்து, அதோடு வேகவைத்து முள் நீக்கிய சாளை மீன் 150 கிராம் அல்லது அவித்த முட்டை மூன்று சேர்த்துக் கொடுத்தால் ஏறக்குறையத் தேவை நிறைவேறும். தானியத்தை மட்டும் கொடுப்பதில் புரதம் போதாது. வளரும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்தும் குறைந்து கால் வளையும். குட்டிக்கு எந்தத் தாதுக் கலவையை எவ்வளவு சேர்ப்பது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுச் செய்ய வேண்டும். மாட்டுக்கு வாங்கியதைக் கைக்கு வந்தபடி அள்ளிப் போடக்கூடாது.

சிப்பிப்பாறையும் கன்னியும் இயல்பிலேயே ஒல்லியான, ஓடும் நாய்கள். விலா எலும்பு இரண்டு மூன்று தெரிவது அவற்றுக்கு அழகு. இதைப் பட்டினி என்று நினைத்து ஊட்டி ஊட்டிப் பேதியாக்கிவிடுகிறவர்கள் நகரத்தில்தான் அதிகம். இப்போது கிராமத்திலும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

ஒத்துக்கொள்ளாதவை

பால் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. குட்டியாக இருக்கும்போது தாய்ப்பாலைச் செரித்த சக்தி, பால் மறந்த பிறகு நாய்க்குக் குறைந்துவிடுகிறது. பசும்பாலில் உள்ள சர்க்கரை செரிக்காமல் பல நாய்களுக்குக் கழிச்சல் உண்டாகும். நோஞ்சான் நாய்க்குத் தெம்பு வரட்டும் என்று பால் ஊற்றுவது அதை மேலும் நோஞ்சானாக்கும். இளகிப் போகும் நாய்க்கு முதலில் பாலை மூன்று நாட்கள் நிறுத்திப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். தயிரிலும் மோரிலும் இந்தச் சர்க்கரை குறைவு. அவை பொதுவாக ஒத்துக்கொள்ளும்.

சால்னாவில் எண்ணெயும் மிளகாயும் வெங்காயமும் மிகுதி. வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கக் கூடியது. ஒரு நாள் ஒரு கரண்டி பட்டதால் நாய் செத்துவிடாது என்றாலும் தினமும் கொடுத்தால் இரத்தம் குறையும். மிகுந்த கொழுப்பு கணையத்தில் அழற்சியை உண்டாக்கி வாந்தியும் வயிற்றுவலியும் தரும். கல்யாண வீட்டுப் பிரியாணி மிச்சத்துக்கும், நெய் சொட்டும் அல்வாவுக்கும் இது பொருந்தும். வெந்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். உலர்திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சு.

செத்த ஆட்டின் குடல், ஈரல், தலையைப் பச்சையாகப் போடுவது கிடைக்காரர்கள் கட்டாயம் நிறுத்த வேண்டிய பழக்கம். அதிலுள்ள நீர்க்கட்டிகள் வழியாக நாய்க்கு நாடாப்புழு வருகிறது. நாயின் மலத்திலிருந்து அந்தப் புழுவின் முட்டை புல்லில் பட்டு மறுபடியும் ஆட்டுக்குப் போகிறது. ஆட்டின் மூளையில் நீர்க்கட்டி விழுந்து, சுற்றிச் சுற்றி வந்து சாவது இதனால்தான். மனிதருக்கும் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி வரக்கூடும். செத்த ஆட்டை ஆழமாகப் புதைப்பதே நல்லது.

எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் அடிக்கடி இளகிப் போகும் நாய் சில உண்டு. அதற்கு, முன்பு அதிகம் தின்றிராத ஒரே ஒரு தானியத்தையும் ஒரே ஒரு புலாலையும் தேர்ந்தெடுத்து, வேறு எதுவும் வாயில் படாமல் இரண்டு முதல் நான்கு வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். உதாரணமாக, சோறும் கோழியும் தின்று வந்த நாய்க்குக் கம்பும் மீனும். வயிறு சரியானால், பழைய பொருள்களை ஒவ்வொன்றாக, வாரத்துக்கு ஒன்று வீதம் சேர்த்துப் பார்த்தால் எது ஆகவில்லை என்பது தெரியும். தினசரிக் காலண்டர் தாளில் கொடுத்ததையும் மலத்தின் நிலையையும் குறித்து வைத்தால் மருத்துவருக்கு மிகவும் உதவும். பிள்ளைகள் தெரியாமல் போடும் ஒரு பிஸ்கட் இந்தச் சோதனை முழுவதையும் கெடுத்துவிடும். அவர்களிடமும் சொல்லி வைக்க வேண்டும்.

கழிச்சல் வந்துவிட்டால்

வளர்ந்த நாய், சுறுசுறுப்பாக இருக்கிறது, வாந்தி இல்லை, மலத்தில் இரத்தம் இல்லை என்றால் ஒரு வேளை உணவை நிறுத்தலாம். தண்ணீரை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. மருந்துக்கடையில் கிடைக்கும் உப்பு-சர்க்கரைப் பொடியை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். பொடி கிடைக்காத இடத்தில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்தால் போதும். அடுத்த வேளையிலிருந்து குழைந்த சோறு, அதோடு தோல் நீக்கி அவித்த கோழியிறைச்சி கொஞ்சம், மசாலா எதுவும் இல்லாமல், நாளைக்கு நான்கு தடவையாகக் கொடுக்க வேண்டும். மலம் கெட்டியான பின் இரண்டு நாள் பொறுத்து, பழைய உணவுக்கு மெல்லத் திரும்ப வேண்டும். மனிதருக்கான பேதி மாத்திரையும் காய்ச்சல் மாத்திரையும் கொடுக்கக் கூடாது.

குட்டிகளுக்கு இந்தக் கைவைத்தியம் கூடாது. குட்டியைப் பட்டினி போடவும் கூடாது. அரை நாள் கழிச்சலிலேயே அதன் உடம்பு வற்றிவிடும். கழுத்துத் தோலைப் பிடித்து இழுத்து விட்டால் உடனே பழைய நிலைக்குத் திரும்பாமல் மடிந்து நின்றாலும், ஈறு உலர்ந்து ஒட்டினாலும், உடனே மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும்.

உணவு மாற்றத்தின் பேரில் ஒளிந்துகொள்ளும் நோய்கள் சில உண்டு. அவற்றில் கொடியது பார்வோ. 1978-ஆம் ஆண்டில் உலகின் பல நாடுகளில் ஒரே சமயத்தில் தலைகாட்டிய இந்த வைரஸ் நோய், 1980-களின் தொடக்கத்திலேயே நம் நாட்டிலும் கண்டறியப்பட்டது. வைரஸ் உடம்பில் புகுந்து மூன்று முதல் ஏழு நாட்களில் நோய் தெரியும். புதுக் குட்டி வாங்கிய வீட்டில் உணவு மாறி வயிறு கெடும் நாட்களும் அவையே. அதனால்தான் "சாப்பாடு மாறியதில் வந்தது, சரியாகிவிடும்" என்று இரண்டு நாட்கள் கடத்தி, குட்டியை இழக்கிறார்கள். உணவு மாற்றத்தால் வரும் கழிச்சலில் குட்டி விளையாடும், பசி எடுக்கும். பார்வோவில் முதலில் குட்டி சோர்ந்து படுக்கும், உணவை மறுக்கும், வாந்தி வரும். பிறகு துர்நாற்றத்தோடு இரத்தக் கழிச்சல் வரும். இந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெறும் சோப்புத் தண்ணீருக்குச் சாகாது. பிளீச்சிங் கரைசல் தெளிக்க வேண்டும். குட்டி செத்த அதே இடத்தில் தடுப்பூசி போடாத வேறு குட்டியை ஓராண்டுக்காவது கட்டக்கூடாது.

கொக்கிப்புழு உள்ள குட்டிக்கு ஈறு வெளுத்து, மலம் கரிய நிறமாக, தார் போல இருக்கும். நெல்வயலில் பூச்சிமருந்து அடித்த அன்று தேங்கிய தண்ணீரைக் குடித்த நாய்க்குக் கழிச்சலோடு எச்சில் ஒழுகுதல், உடல் நடுக்கம், கண்மணி சுருங்குதல் ஆகியவை காணும். அப்போது மருந்துப் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். உணவை விழுங்க முடியாமல், தாடை தொங்கி, எச்சில் வடியும் நாயின் தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று கையை விட்டுப் பார்க்கவே கூடாது. அது வெறிநோயாக இருக்கலாம்.

குட்டி விற்பவர்கள் செய்ய வேண்டியது

2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-இல் பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய நம் பக்கத்து நாய்களின் பெயரைச் சொல்லி, நாட்டு இனங்களை வளர்க்கும்படி கேட்டுக்கொண்டார். இப்படி ஆசைப்பட்டுச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து குட்டி வாங்குபவர்கள், அன்றிரவே அதற்குப் பாலும் பாக்கெட் தீவனமும் கொடுக்கிறார்கள். நான்காம் நாள் தொலைபேசியில் சண்டை வருகிறது. குட்டி செத்துவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். வளர்த்தவர் பேரும் கெடுகிறது.

குட்டியைத் தாயிடமிருந்து எட்டு வாரத்துக்கு முன் பிரிக்கக் கூடாது. நான்காம் வாரத்திலிருந்தே குழைந்த கூழைக் கொஞ்சம் கொஞ்சமாக நக்கப் பழக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும். பார்வோ தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறையாக, பதினாறு வாரம் நிறையும் வரை போட வேண்டும். முதல் ஊசி போட்டு ஒரு வாரமாவது கழித்துக் குட்டியைக் கொடுப்பது நல்லது. கொடுக்கும்போது, அது தின்று பழகிய மாவையோ தீவனத்தையோ ஒரு வாரத்துக்குக் காணும்படி ஒரு பையில் போட்டுக் கொடுக்க வேண்டும். என்ன உணவு, நாளைக்கு எத்தனை தடவை, எவ்வளவு, புழு மருந்து கொடுத்த தேதி, ஊசி போட்ட தேதி, அடுத்த ஊசி எப்போது என்று ஒரு தாளில் எழுதி, வாங்குபவர் முன்னால் படித்துக் காட்ட வேண்டும். இரண்டு மாதக் குட்டிக்கு நாளைக்கு நான்கு தடவையும், மூன்றாம் மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை மூன்று தடவையும், அதன் பின் இரண்டு தடவையும் உணவு கொடுப்பது முறை. முதல் மூன்று நாட்கள் புதிய உணவு எதுவும் வேண்டாம், நான்காம் நாளிலிருந்து கால் பங்காகக் கலக்கலாம் என்பதையும் அதே தாளில் எழுதிவிட வேண்டும். ஒரு கிலோ மாவின் விலை ஒரு குட்டியின் விலைக்கு முன்னால் ஒன்றுமில்லை.

வயிற்றுக் கோளாறு நான்கு நாட்களுக்கு மேல் நீடித்தால் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் காட்ட வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ராமையன்பட்டியில் 2012-ஆம் ஆண்டில் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. போகும்போது அன்று காலையில் கழிந்த மலத்தில், மண் ஒட்டாத பகுதியாகச் சுண்டைக்காய் அளவு எடுத்து, சுத்தமான சிறு டப்பாவில் மூடிக் கொண்டு போக வேண்டும். வெயிலில் வைத்திருந்ததும் முந்தின நாள் எடுத்ததும் புழு முட்டை பார்ப்பதற்கு உதவாது.